கொடிக்கம்பியில் வந்த ஷாக்: கடலூர் வீடு ஒன்றின் ஆய்வு

2024 டிசம்பர் நடுவில் ஒரு காலை அத்தை போன் செய்தார். "ஏம்ப்பா, ரெண்டு மூணு நாளா ஈரத்துணி காயப்போடும்போது கையில சுருக்சுருக்குனு இழுக்குது. வயசாயிடுச்சில்ல, நரம்பா இருக்குமோ? நல்ல டாக்டரா ஒருத்தரச் சொல்லேன்."

எந்தக் கொடி என்று கேட்டேன். கொல்லைப்பக்கம் கட்டியிருக்கும் கம்பிக்கொடி என்றார். "அத்தை, இனிமே அந்தப் பக்கம் போகாதீங்க. மெயினை அணைச்சிட்டு வாசல்ல உட்காருங்க, இதோ வர்றேன்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

கட்டட வேலையில் இருபது வருடமாக இருக்கிறேன். கடலூரிலும் புதுச்சேரியிலும் பழைய வீடுகளைப் பார்த்து என்ன செய்யலாம் என்று சொல்வதுதான் இப்போது பாதி வேலை. இந்த வீட்டைப் பற்றி விரிவாக எழுத ஒரு காரணம் உண்டு. அத்தை வீட்டில் மூன்று பழுதுகள் இருப்பதாக மூன்று பேர் மூன்று தடவை வந்து பார்த்துப் பணம் வாங்கிப் போயிருந்தார்கள். அங்கே இருந்ததோ ஒரே பழுதுதான். அது மொட்டைமாடியில் ஆரம்பித்துக் கொடிக்கம்பி வரை வந்திருந்தது.

வீடு

புதுப்பாளையத்தில் 1996-இல் கட்டிய வீடு. கீழே இரண்டு அறை, கூடம், அடுக்களை, பின்னால் குளியலறை. மாடியில் ஒரே ஒரு அறை, மீதி மொட்டைமாடி. சில்வர் பீச்சுக்குச் சைக்கிளில் போய்வரும் தூரம். அதாவது வருடம் முழுக்க உப்புக்காற்று. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயலில் மாடி அறையின் ஜன்னல் கதவு பறந்தது. 2015 மழையில் தெருவில் முழங்காலளவு தண்ணீர். அப்புறம் 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது, கடலூரையும் விடவில்லை. சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்தது அதற்கடுத்த நாட்களில்.

இந்தத் தடவை அத்தை வீட்டுக்குள் தண்ணீர் ஏறவில்லை, வாசற்படியோடு நின்றுவிட்டது. அதனால் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். தெருவில் வந்த தண்ணீரைத்தான் எல்லாரும் பார்த்தார்கள், மாடியில் தேங்கியதைப் பார்க்க யாரும் ஏறவில்லை.

ஏற்கெனவே வந்தவர்கள்

சன்ஷேடில் காரை பெயர்ந்து விழுகிறது என்று இரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு கொத்தனார் வந்து சிமென்ட் வைத்துப் பூசினார். ஒரே மழைக்காலத்தில் அந்தப் பூச்சும் விழுந்தது. குளியலறைச் சுவரில் ஓதம் ஏறியபோது பிளம்பர் வந்து குழாயை மாற்றினார். ஓதம் குறையவில்லை. கொல்லை விளக்கு மினுக்மினுக்கென்று எரிவதாகச் சொன்னதும் எலக்ட்ரீஷியன் வந்து சுவிட்சை மாற்றினார், ஹோல்டரை மாற்றினார். விளக்கு நன்றாக எரிந்தது. சரி, முடிந்தது என்று விட்டுவிட்டார்கள்.

இவர்கள் யாரும் ஏமாற்றியதாக நான் நினைக்கவில்லை. கூப்பிட்டது எதற்கோ அதைப் பார்த்தார்கள். ஆனால் கொத்தனார் பூசிய இடத்துக்கும் பிளம்பர் தோண்டிய இடத்துக்கும் எலக்ட்ரீஷியன் மாற்றிய ஹோல்டருக்கும் நடுவே மூன்றடி தூரம்கூட இல்லை.

கம்பியிலிருந்து பின்னோக்கி

என்னோடு வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியன் தம்பியையும் கையோடு கூட்டிப்போயிருந்தேன். கொல்லையில் சிமென்ட் தரை, மழை ஈரம் காயவில்லை. கொடிக்கம்பியின் ஒரு முனை முருங்கை மரத்தில் கட்டியிருந்தது. மறுமுனையைப் பார்த்ததும் பாதி விஷயம் புரிந்துவிட்டது. சன்ஷேடின் அடியில் காரை பெயர்ந்து, உள்ளே இருந்த முறுக்குக்கம்பி ஒரு சாண் நீளத்துக்கு வெளியே தெரிந்தது. ஆணி அடிக்கும் வேலை மிச்சம் என்று யாரோ அந்தத் துருப்பிடித்த கம்பியிலேயே கொடியை முறுக்கிக் கட்டியிருந்தார்கள். அதன் பக்கத்தில் கைக்கெட்டும் தூரத்தில் கொல்லை விளக்கு.

நாங்கள் மெயினைப் போட்டோம். தம்பி கொடிக்கம்பியில் டெஸ்டரை வைத்தார், எரிந்தது. ஆனால் டெஸ்டர் எரிவதை மட்டும் வைத்து முடிவு சொல்லக்கூடாது. பக்கத்தில் மின்கம்பி போனாலே சில நேரம் அந்தச் சின்ன விளக்கு எரியும். அதனால் ஈரமண்ணில் ஓர் இரும்புத்தடியை அடித்து இறக்கி, அதற்கும் கொடிக்கம்பிக்கும் நடுவே மீட்டரை வைத்தோம். 110 வோல்ட். சரி, ஆளைத் தாக்கும் அளவுக்கு அதில் கரண்ட் வருமா? 15 வாட் பல்பு ஒன்றை அதே இடத்தில் கோத்துப் பார்த்தார் தம்பி. இழை செம்மஞ்சளாக ஒளிர்ந்தது. துணி காயப்போடும் கம்பியில் பல்பு எரிகிறது. அத்தை வாசலிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் பேசாமல் உள்ளே போய்விட்டார்.

(இந்தச் சோதனையை யாரும் வீட்டில் தாங்களாகச் செய்து பார்க்க வேண்டாம். கம்பி சுருக்கென்றால் விலகி நில்லுங்கள், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், அது போதும்.)

பிறகு ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினோம். பின்பக்க விளக்குகளுக்கான ஃபியூஸை எடுத்ததும் கொடிக்கம்பியில் வோல்ட் இறங்கிப்போனது. பல்பைக் கழற்றிவிட்டு அந்த லைனை மட்டும் மெக்கர் (வயரில் கசிவு இருக்கிறதா என்று காட்டும் மீட்டர்) வைத்துப் பார்த்தோம். வயரின் மேல்தோல் நன்றாக இருந்தால் ஒரு மெகா ஓமுக்குக் குறையாமல் காட்ட வேண்டும். முள் பூஜ்யத்தைவிட்டு நகரவே இல்லை.

விளக்குப் பெட்டியைத் திறந்தோம். சுவருக்குள் புதைத்த பழைய இரும்புப் பெட்டி. அடியில் ஒரு விரல்கடை உயரத்துக்குக் கலங்கல் தண்ணீர். அதற்குள் டேப் சுற்றிய வயர் ஜாயின்ட் முழுகிக் கிடந்தது. பெட்டியின் முதுகு சன்ஷேடுக் கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தது. கட்டும்போது அப்படியே வைத்துக் கான்கிரீட் போட்டுவிட்டார்கள். ஆக, ஜாயின்டிலிருந்து தண்ணீருக்கு, தண்ணீரிலிருந்து பெட்டிக்கு, பெட்டியிலிருந்து கம்பிக்கு, கம்பியிலிருந்து கொடிக்கு, கொடியிலிருந்து அத்தையின் ஈரக்கைக்கு.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? இதுதான் முக்கியமான கேள்வி. மாடிக்கு ஏறினோம். மழைத்தண்ணீர் போகும் குழாய் வாயை வேப்பிலையும் ஒரு பிளாஸ்டிக் பையும் அடைத்திருந்தன. தட்டோடு பதித்த தளத்தில் அந்த மூலையில் மட்டும் பாசி கறுப்பாகப் படிந்திருந்தது. எத்தனையோ நாள் தண்ணீர் நின்றதற்கு அதுதான் சாட்சி. கைப்பிடிச்சுவர் தளத்தோடு சேரும் இடத்தில் மயிரிழை விரிசல். குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து அங்கே ஊற்றிவிட்டுக் கீழே வந்து நின்றோம். கால் மணி நேரத்தில் விளக்குப் பெட்டிக்குள் வரும் பி.வி.சி. குழாய் வாயிலிருந்து சொட்டு விழுந்தது. சுவருக்குள் இறங்கிய தண்ணீருக்கு வயர் போகும் குழாய்தான் வாய்க்காலாக இருந்திருக்கிறது. குளியலறைச் சுவர் ஓதத்துக்கும் இதே தண்ணீர்தான் காரணம். பிளம்பர் மாற்றிய குழாயில் ஒரு குற்றமும் இல்லை.

ஃபியூஸ் ஏன் போகவில்லை?

அத்தை மகன் வெளியூரிலிருந்து போனில் கேட்ட முதல் கேள்வி இது. எல்லாரும் கேட்பதுதான். ஃபியூஸும், இப்போது அதற்குப் பதிலாக மாட்டும் தானியங்கி சுவிட்சான எம்.சி.பி.யும் வயரைக் காப்பாற்ற வந்தவை. 16 ஆம்பியர் என்றால் 16,000 மில்லி ஆம்பியர். அதற்கு மேல் போனால்தான் அவை அசையும். மனிதனுக்கோ 10 மில்லி ஆம்பியர் கையில் பாய்ந்தாலே பிடித்ததை விட முடியாமல் தசை இறுகிக்கொள்ளும். 30-ஐத் தாண்டிச் சில நொடி நீடித்தால் இதயத்துடிப்பே தடுமாறக்கூடும். ஃபியூஸின் கணக்கில் ஓர் ஆள் சாவது ஒரு சின்ன பல்பு எரிவதைப்போலத்தான். அதற்கு வித்தியாசம் தெரியாது.

வித்தியாசம் தெரிந்த கருவி ஆர்.சி.சி.பி. எலக்ட்ரீஷியன்கள் பழைய பழக்கத்தில் ஈ.எல்.சி.பி. என்பார்கள். போகும் கரண்டும் திரும்பி வரும் கரண்டும் சமமாக இருக்கிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் வேறு வழியில் கசிந்தால் 0.3 வினாடிக்குள் துண்டித்துவிட வேண்டும் என்பது அதற்கான அளவு. அத்தை வீட்டில் அது இல்லை.

எர்த்

எர்த் ஒழுங்காக இருந்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்று தோன்றியதால் அதையும் பார்த்தோம். வீட்டின் பக்கவாட்டில், செம்பருத்திச் செடிக்குப் பின்னால் எர்த் குழி. அதன்மேல் பூந்தொட்டி. தொட்டியை நகர்த்தி மண்ணை விலக்கினால் இரும்புக் குழாயின் தலை தெரிந்தது. அதில் கிளாம்ப் இருந்த இடத்தில் செதில்செதிலாகத் துரு. எர்த் கம்பி அறுந்து ஒரு விரல் தூரம் தள்ளிக் கிடந்தது. எத்தனை வருடமாக அப்படியோ.

எர்த் அறுந்தால் பாதுகாப்பு போய்விடும் என்று மட்டும்தான் பலர் நினைக்கிறார்கள். அதைவிட மோசமான ஒன்று உண்டு. வீட்டிலுள்ள எல்லா மூன்றுமுனை பிளக்குகளின் எர்த்தும் உள்ளே ஒன்றோடொன்று சேர்ந்திருக்கும். மண்ணுக்குப் போகும் கடைசிக் கம்பி அறுந்துவிட்டால், ஏதோ ஒரு சாமானில் ஏற்பட்ட கசிவு மற்ற எல்லாச் சாமான்களின் உடம்புக்கும் வந்துவிடும். ஹீட்டரில் பழுது, ஃபிரிட்ஜ் கதவில் ஷாக். மெயின் சுவிட்சின் இரும்புப் பெட்டிக்கும் இதே கதிதான். அதை அங்கே நின்று பார்த்தபோதுதான் காலையில் போனில் நான் சொன்னது உறைத்தது. மெயினை அணைக்கச் சொல்லியிருந்தேனே! செருப்பு போட்டுக்கொள்ளுங்கள், கையைத் துடைத்துக்கொள்ளுங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. அத்தை நல்லவேளையாக ரப்பர் செருப்போடு இருந்திருக்கிறார். இப்போதெல்லாம் எதையும் தொடாமல் வெளியே வந்துவிடுங்கள் என்றுதான் முதலில் சொல்கிறேன்.

குழியில் உப்பும் கரியும் போடுவது நம் ஊர் வழக்கம். ஈரத்தைப் பிடித்துவைக்கும், எர்த் நன்றாக எடுக்கும், உண்மைதான். ஆனால் அதே உப்புதான் குழாயையும் கிளாம்பையும் தின்கிறது. நம் கடலோர மண்ணில் ஏற்கெனவே உப்பு இருக்கிறது. செம்புப்பூச்சுக் கம்பி, அதற்கென்று விற்கும் நிரப்புப் பொடி, மேலே திறந்து பார்க்கிற மாதிரி மூடி, இவைதான் இங்கே தாங்கும். அப்படித்தான் புதிதாகப் போட்டோம். அளந்தபோது 5 ஓமுக்குக் கீழே வந்தது. குழிமேல் பூந்தொட்டி வைக்காதீர்கள் என்று அத்தையிடம் சொன்னேன். செம்பருத்தியை வெட்டிவிடாதே என்று அவர் என்னிடம் சொன்னார்.

சன்ஷேடு

சுத்தியலால் தட்டிக்கொண்டே போனோம். நல்ல கான்கிரீட் "ணங்" என்று கெட்டியாகச் சொல்லும். உள்ளே விட்டுப்போன இடம் காலித் தகரடப்பா மாதிரி "டொப்" என்னும். ஏழடிச் சன்ஷேடில் நாலடி "டொப்".

கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடித்தால் கம்பி மெலிவதோடு போவதில்லை. துரு, தான் தின்ற இரும்பைப்போல் இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தைக் கேட்கும். உள்ளிருந்து நெம்பும். கம்பி போகும் திசையிலேயே நேர்க்கோடாக விரிசல் வரும், கோட்டின் ஓரத்தில் செம்பழுப்புக் கறை வடியும், பிறகு காரை பெயரும். கடலோரக் காற்றில் நேரடியாக நிற்கும் கான்கிரீட்டுக்குக் கம்பியின்மேல் 45 மில்லிமீட்டர் மறைப்பு வேண்டும் என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456. இங்கே நாங்கள் அளந்தது 12. கான்கிரீட் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்றும் அதே விதி சொல்கிறது. கொல்லை போர்த் தண்ணீரை வாயில் வைத்தாலே உப்புக் கரிக்கும் தெருக்களில் அதே தண்ணீரில் கலவை போட்டு வீடு கட்டுவதை இன்றைக்கும் பார்க்கிறேன். வருத்தமாக இருக்கிறது. ஒரு லாரித் தண்ணீரின் விலைதான் அங்கே மிச்சம்.

துருவின்மேல் சிமென்ட் பூசினால் நிற்காது. கொத்தனார் பூச்சு விழுந்ததற்கு அதுதான் காரணம். கம்பியின் பின்பக்கம் விரல் போகும்வரை உடைத்தெடுத்து, கம்பிபிரஷால் பளிச்சென்று தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு அடித்து, ஒட்டும் பூச்சு ஈரமாக இருக்கும்போதே பாலிமர் கலந்த கலவை வைத்துக் கட்ட வேண்டும். கால்பங்குக்கு மேல் மெலிந்த கம்பிக்குப் பக்கத்தில் புதுக்கம்பி சேர்க்க வேண்டும். இரண்டு கம்பிகளுக்கு அப்படிச் சேர்த்தோம். ஆனால் இதையெல்லாம் செய்வதற்கு முன்பு மாடி விரிசலை அடைத்தோம். மேலிருந்து தண்ணீர் இறங்குவதை நிறுத்தாமல் கீழே எந்த வேலை செய்தாலும் பணம்தான் கரையும்.

ஆர்.சி.சி.பி. நிற்க மறுத்தது

விளக்குப் பெட்டியைப் பிளாஸ்டிக்கில் மாற்றி, அந்த லைனுக்குப் புது வயர் இழுத்து, பீங்கான் ஃபியூஸ்களைத் தூக்கிவிட்டு எம்.சி.பி.யும் ஆர்.சி.சி.பி.யும் மாட்டினோம். போட்ட உடனே டக்கென்று இறங்கியது. மறுபடி போட்டால் மறுபடி இறங்கியது.

"அண்ணே, இது நிக்காது போல. பழைய வீட்டுல எல்லாம் இப்படித்தான், எடுத்துட்டு நேரா குடுத்துடலாமா?" என்றார் தம்பி. பல வீடுகளில் ஆர்.சி.சி.பி. பெட்டியில் உட்கார்ந்திருக்கும், வயர் அதைச் சுற்றிக்கொண்டு போயிருக்கும். இப்படித்தான் அது நடக்கிறது. அலறும் காவல்நாயின் வாயைக் கட்டுவது அது.

"வேண்டாம்பா, அது ஏதோ சொல்லுது, கேட்போம்" என்றேன். கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தோம். சம்ப் மோட்டாருடையதை எடுத்ததும் ஆர்.சி.சி.பி. இறங்காமல் நின்றது. மோட்டார் சுவிட்ச் அணைந்திருந்தும் எப்படி? ஒற்றைமுனை சுவிட்ச் கரண்ட் வரும் வயரான ஃபேஸை மட்டும்தான் துண்டிக்கும். நியூட்ரல் எப்போதும் போலத் தொடர்பில் இருக்கும், தண்ணீருக்குள் அது கசிந்தால் ஆர்.சி.சி.பி. கண்டுபிடித்துவிடும். சம்ப் மூடியைத் தூக்கினோம். தண்ணீர் மட்டத்துக்கு ஒரு முழம் கீழே கேபிளில் டேப் சுற்றிய ஜாயின்ட் ஒன்று, உப்பிப்போய். மோட்டார் ஓடும்போது அத்தை அதே சம்பில் எவர்சில்வர் வாளியால் தண்ணீர் மொண்டிருக்கிறார், பல தடவை.

கேபிளை முழுநீளமாக மாற்றினோம், சுவிட்சை இருமுனையாக்கினோம். ஆர்.சி.சி.பி. நின்றது.

சம்பைத் திறந்தபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. மூடி இரும்புத்தகடு, அதன்மேல் மிதியடி. மிதியடியை எடுத்தால் தகட்டின் ஓரம் அப்பளம் மாதிரி. பேரப்பிள்ளைகள் பொங்கலுக்கு வந்தால் அந்தக் கொல்லையில்தான் ஓடுவார்கள். அன்றைக்கே வார்ப்புமூடி வாங்கிவரச் சொல்லிவிட்டேன். தெருத்தண்ணீர் வாசற்படிவரை நின்றிருந்ததால் சம்புக்குள்ளும் கசிந்திருக்கும் என்று முழுக்க இறைத்து, கழுவி, குளோரின் போட்டோம். கழுவ இறங்கும் ஆள் மூடியைத் திறந்த உடனே இறங்கக்கூடாது. நெடுநாள் மூடிக்கிடந்த தொட்டியில் மூச்சுவிடப் போதுமான காற்று இல்லாமல் இருக்கலாம். மேலே ஓர் ஆள் நிற்காமல் யாரையும் இறக்காதீர்கள்.

அடுக்களையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேஸ் டியூபில் ஆண்டு அச்சிட்டிருக்கும். ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டியது, அங்கே எட்டாவது வருடம் ஓடியது. சிலிண்டரைக் கதவு போட்ட மேடைக்கடியில் வைத்திருந்தார்கள். சமையல் வாயு காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு தேங்கும். அதனால் கதவின் அடியில் காற்றுப்போக்கு வேண்டும். வாசனை வந்தால் சுவிட்சைப் போடவோ அணைக்கவோ கூடாது, ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906-ஐக் கூப்பிட வேண்டும். மாடிப்படிக்கடியில் இன்வெர்ட்டர் பேட்டரி, அதன்மேல் பழைய பேப்பர்க்கட்டு. பேப்பரைப் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டாகிவிட்டது.

உங்கள் வீட்டைப் பார்ப்பதானால்

ஐப்பசி மழைக்கு முன்பு, ஆவணி வாக்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்குங்கள். அறை அறையாகப் பார்க்காதீர்கள். மாடியில் ஆரம்பித்துத் தண்ணீர் போகும் வழியிலேயே கீழே இறங்குங்கள். மழைக்குழாய் வாய், பாசி படிந்த மூலை, கைப்பிடிச்சுவர் ஓரம், டேங்க் அடி. அங்கே விரிசல் கண்டால் அதற்கு நேர்கீழே உள்ள கூரையையும் சுவரையும் விளக்குப் புள்ளியையும் பாருங்கள். ஓதமும் சுவிட்ச் போர்டும் ஒரே சுவரில் இருந்தால் அதுதான் முதல் வேலை. சன்ஷேடை ஒரு குச்சியால் தட்டிப் பாருங்கள், அதற்கு நேர்கீழே நிற்காமல். எர்த் குழியைத் தோண்டிக் கிளாம்பை மட்டும் கண்ணால் பாருங்கள், தொட வேண்டாம். இதற்கெல்லாம் பொறியாளர் வேண்டியதில்லை. மெக்கர் வைப்பதும் பெட்டியைத் திறப்பதும் எலக்ட்ரீஷியன் வேலை. கொத்தனாரையும் எலக்ட்ரீஷியனையும் முடிந்தால் ஒரே நாளில் வரச்சொல்லி, ஒருவர் கண்டதை மற்றவர் கேட்கும்படி நிறுத்திவையுங்கள். அத்தை வீட்டில் அந்த ஓர் உரையாடல் நடந்திருந்தால் இரண்டு வருடம் முன்பே முடிந்திருக்கும்.

மொத்தச் செலவு நாற்பதாயிரத்துக்குச் சற்றுக் குறைவாக வந்தது. சன்ஷேடுதான் அதில் பாதிக்கு மேல்.

மார்ச்சில் போனேன். சுவர் காய்ந்து வெளுத்திருந்தது. கொடிக்கு இப்போது நைலான் கயிறு, இரண்டு பக்கமும் மரக்கம்பம். ஆர்.சி.சி.பி.யில் "டி" என்று எழுதிய சோதனைப் பொத்தான் இருக்கும், அதை அழுத்தினால் அது இறங்க வேண்டும், இறங்காவிட்டால் கருவி செத்துவிட்டது என்று சொல்லிக் கொடுத்திருந்தேன். ஈ.பி. ரீடிங் எடுக்க ஆள் வரும் நாளில் அத்தை அதை அழுத்திவிடுகிறார், அப்படியென்றால் மறக்காதாம். கைப்பிடிச்சுவர்தான் இன்னும் இரண்டரையடியில் நிற்கிறது. பிள்ளைகள் ஏறும் மாடிக்கு அது போதாது, ஒரு மீட்டருக்காவது உயர்த்த வேண்டும். சித்திரை பிறந்ததும் ஆள் விடுவதாக அத்தை சொல்லியிருக்கிறார். அதுவரை மாடிக்கதவுச் சாவி அவர் இடுப்பில் இருக்கிறது.